தெரிந்த நாய் கடித்தால்: கடிபட்டவரும் நாய் வளர்ப்பவரும் அறிய வேண்டியவை

தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் போன்ற ஊர்களில் நாய்களை வீட்டு நாய், தெரு நாய் என்று இரண்டாகப் பிரித்துவிட இயலாது. ஒரு வீட்டில் சோறு உண்டு, அடுத்த வீட்டுத் திண்ணையில் உறங்கி, இரவில் தெருவைக் காக்கும் நாய்கள் பல. அவற்றுக்குப் பெயர் உண்டு, சோறிடுபவர் உண்டு. தடுப்பூசி போட்டவர் யார் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை. இத்தகைய நாய் கடிக்கும்போதுதான் "நம் தெரு நாய்தானே, ஒன்றும் ஆகாது" என்ற எண்ணத்தில் சிகிச்சை தள்ளிப்போகிறது. அண்டை வீட்டாரின் மனம் நோகுமே என்ற தயக்கமும் சேர்ந்துகொள்கிறது. குழந்தைகளோ, பெரியவர்கள் ஏசுவார்கள் என அஞ்சிச் சிறு கீறலை மறைத்துவிடுகின்றனர்.

வெறிநோய் எனப்படும் ரேபிஸ், பாதிக்கப்பட்ட விலங்கின் உமிழ்நீரில் உள்ள வைரசால் பரவுகிறது. காயத்தின் வழியே நுழையும் வைரஸ் நரம்புகளைப் பற்றிக்கொண்டு மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணம் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை நீடிக்கும்; முகம், கழுத்து, கைவிரல்களில் கடிபட்டால் மிக விரைவாகவும் முடியலாம். வைரஸ் மூளையை அடைவதற்கு முன் உடலில் எதிர்ப்பாற்றலை உண்டாக்கிவிட்டால் நோய் வராது. தண்ணீரைக் கண்டு அஞ்சுதல், காற்று பட்டாலே தொண்டை இறுகுதல் போன்ற அறிகுறிகள் தோன்றிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. எனவே கடித்த நாய் தெரிந்த நாயா, அறியாத நாயா என்பதைப் பொறுத்துச் சிகிச்சையைத் தாமதப்படுத்தலாகாது.

கடிபட்டவுடன் காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். பலர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுகின்றனர். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுவதே நல்லது. குழாய் இல்லாத தோட்டத்தில் எனில், குடத்து நீரைத் தொடர்ந்து ஊற்றிக் கழுவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. மந்திரித்துக் கயிறு கட்டுவதும், வேர் அரைத்துக் குடிப்பதும் வைரசைத் தடுப்பதில்லை. அவை பொன்னான நேரத்தை வீணாக்குகின்றன.

பின்னர் அன்றைக்கே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்ல வேண்டும். தோல் கிழியாத இடத்தில் நாய் நக்கியிருந்தால் கழுவினால் போதும். இரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி தேவை. இரத்தம் வந்த கடி, ஏற்கெனவே உள்ள புண்ணிலோ வாய், கண் போன்ற இடங்களிலோ பட்ட உமிழ்நீர் ஆகியவற்றுக்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்தினுள்ளும் அதைச் சுற்றியும் செலுத்துவர். தடுப்பூசியால் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில நாள்கள் ஆகும். அதுவரை காப்பது இம்மருந்தே. எல்லாச் சிறிய நிலையங்களிலும் இது இருப்பதில்லை. தூத்துக்குடி அல்லது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், ஊசிதான் போட்டாயிற்றே என்று இருந்துவிடாமல் உடனே செல்லுங்கள். முதல் தடுப்பூசி போட்ட 7 நாள்களுக்குப் பிறகு அதைச் செலுத்துவதில்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் இன்றும் நம் ஊர்களில் நிலவுகிறது. ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய தடுப்பூசியின் நினைவு அது. அதன் உற்பத்தி 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. இன்று அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0.1 மில்லி அளவாக இரு மேற்கைகளிலும் 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படுகிறது. முதல் ஊசி போடும் நாளே 0-ஆம் நாள். முதல் தேதியன்று தொடங்கினால் அடுத்தவை 4, 8, 29 ஆகிய தேதிகளில் வரும். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து ஊசிகள். கருவுற்ற தாய்மாரும் பாலூட்டுவோரும் கைக்குழந்தைகளும் தயக்கமின்றிப் போட்டுக்கொள்ளலாம். கடிபட்டுப் பல வாரங்கள் கடந்திருந்தாலும் இப்போதாவது தொடங்க வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஏரல் பாலம் சேதமடைந்ததை இவ்வூரார் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய இடையூறால் ஒரு நாள் தவறினால், இயன்ற முதல் நாளில் விட்ட ஊசியைப் போட்டுக்கொண்டு மற்றவற்றைத் தொடர வேண்டும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

கடித்த நாயை அடித்துக் கொல்வது கடிபட்டவருக்கே கேடாக முடியும். வெறிநோயைப் பரப்பும் நிலையிலுள்ள நாய் 10 நாள்களுக்குள் நோயுற்று இறந்துவிடும். ஆகவே அந்நாள்களில் அதைக் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். 10 நாள்களும் நலமாக இருந்தால், மீதி ஊசிகளைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். கண்காணிப்புக்காகக் காத்திருந்து முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வரும் வெளியூரார் கடிபட்டால், அந்த நாயைத் தேடிக் கண்காணிப்பது அரிது. அவர்கள் இங்கேயே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு, சீட்டைப் பத்திரப்படுத்தி, சொந்த ஊரில் எல்லா ஊசிகளையும் முடிக்க வேண்டும்.

நாய் வளர்ப்பவரின் கடமை கடிக்கு முன்பே தொடங்குகிறது. குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் கால்நடை மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறியபடி ஊக்க ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் போட வேண்டும். சோறிடும் தெரு நாய்க்கும் இது பொருந்தும். நாள்தோறும் சோறிடுபவருக்குப் பழகிய நாயைப் பிடித்துக்கொடுப்பது எளிது. வெளியே அழைத்துச் செல்கையில் கயிறு கையில் இருக்க வேண்டும். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் வளர்ப்பு நாய்கள் இரண்டு ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்துப் படுகாயப்படுத்தின. உரிமையாளர் கைது செய்யப்பட்டார். விலங்கால் பிறருக்கு ஊறு நேராதபடி காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

தங்கள் நாய் கடித்துவிட்டால், அதை மறைக்காமல் கடிபட்டவர் வீட்டுக்குத் தாங்களே சென்று நாயின் தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள். இயன்றால் மருத்துவமனைக்கும் உடன் செல்லுங்கள். அட்டை இருப்பினும் சிகிச்சை தேவையா என்பதை மருத்துவரே கூற வேண்டும். அடுத்த 10 நாள்களில் நாய் உண்ண மறுத்தாலோ, காணாமற்போனாலோ, இறந்தாலோ அன்றைக்கே கடிபட்டவருக்கும் மருத்துவருக்கும் தெரிவியுங்கள். ஐயம் இருப்பின் 104 என்ற எண்ணில் எந்நேரமும் கேட்கலாம்.