பந்து வராவிட்டாலும் ஓடுபவள்

"பந்து அவளிடம் வரவே இல்லையே! பின் எதற்காக என் மகள் அப்படி ஓடி ஓடிக் குதிக்கிறாள்?" சென்ற ஆண்டு குறுவட்டக் கைப்பந்துப் போட்டியைக் காண வந்த ஒரு தாயார் எங்களிடம் இவ்வாறு கேட்டார். அவர் மகள் எங்கள் அணியில் வலையோரம் நடுவில் ஆடுபவள். அன்று எங்களுக்குச் சரியாக விடை சொல்லத் தெரியவில்லை. இன்று சொல்கிறோம்.

கைப்பந்தை 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் வில்லியம் மார்கன் என்பவர் தோற்றுவித்தார். அவர் ஒய்.எம்.சி.ஏ.வில் பணியாற்றியவர். நம் நாட்டிற்கும் இவ்விளையாட்டு ஒய்.எம்.சி.ஏ. வழியாகவே வந்தது. 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் விளையாட்டு ஆசிரியர்களை உருவாக்கி வருகிறது.

ஓர் அணி மூன்று முறை பந்தைத் தொடலாம். முதலாமவள் சர்வீஸை எடுப்பாள். இரண்டாமவளாகிய செட்டர் பந்தைத் தூக்கிக் கொடுப்பாள். மூன்றாமவள் அடிப்பாள். பெண்களுக்கான வலையின் உயரம் 2.24 மீட்டர், ஆடுகளத்தின் அகலம் 9 மீட்டர். வலைக்கு அப்பால் எதிரணியின் முன்வரிசையினர் மூவர் தடுக்கக் காத்திருப்பர். இருவர் சேர்ந்து கைகளை உயர்த்தினால் சுவர் எழுந்தது போல் இருக்கும். ஒருத்தி மட்டும் என்றால் பந்து செல்ல வழி கிடைக்கும். அந்த வழியைக் கண்டு கொடுப்பதே செட்டரின் திறமை.

இங்கேதான் நடு ஆட்டக்காரியின் ஓட்டம் உதவுகிறது. சர்வீஸ் அடிக்கப்படும் வரை, அதை எடுக்கும் அணியினர் தத்தம் வரிசை மாறாமல் நிற்க வேண்டும். அடித்த மறுகணம் எங்கும் ஓடலாம். செட்டர் பந்தைத் தொடுமுன்பே இவள் வலையை நோக்கி ஓடி வருவாள். எதிரணியின் நடுத்தடுப்பாளி இவளை நம்பிக் குதித்தால், பந்து ஓரத்திற்குப் போகும். குதித்தவள் கீழே இறங்கி ஓரத்திற்கு ஓடுமுன் அங்கே அடி விழுந்துவிடும். அவள் குதிக்காமல் நின்றால், பந்து இவளுக்கே வரும். ஆகவே இந்த ஓட்டம் எதிரியை இழுக்கிறது. செட்டருக்கு எதிரியின் எண்ணத்தையும் காட்டுகிறது.

அமெரிக்கக் கால்பந்திலும் இதே உத்தி உண்டு. ஆட்டம் தொடங்கும் கணத்திற்கு முன் ஒருவர் பக்கவாட்டில் ஓடுவார். எதிரணி வீரர் ஒருவர் கூடவே ஓடினால் ஆளுக்கு ஆள் காவல் என்றும், ஓடாவிட்டால் இடத்திற்கு இடம் காவல் என்றும், பந்தை எறியும் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் கண்டுகொள்வார். கைப்பந்தில் இத்தகைய விரைவு ஆட்டத்தை வளர்த்துப் புகழ்பெற்றவர்கள் ஜப்பானியர்கள். மட்சுடைரா பயிற்றுவித்த ஆண்கள் அணி 1972-இல் மூனிச் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றது. நெக்கோடா அவ்வணியின் செட்டர்.

ஆனால் ஓடினால் மட்டும் போதாது. முதல் தொடுகை சரியாகச் செட்டரிடம் சேர வேண்டும். அவள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தால் நடுவில் ஓடுபவளை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள். மேலும் அவ்வப்போது உண்மையாகவே அவளுக்குப் பந்தைக் கொடுக்க வேண்டும். ஒருபோதும் கொடுக்காவிட்டால் எதிரணி அவளை நம்பாது.

அன்று நாங்கள் தோற்றதும் இதனால்தான். முதல் செட்டில் அவள் முழு மனத்துடன் ஓடினாள்; வென்றோம். நாங்களோ ஒரு பந்தும் அவளுக்குத் தரவில்லை. எதிரணியினர் அதைக் கண்டுகொண்டனர். அவளும் மனம் சோர்ந்து பாதி தூரமே ஓடினாள். பிறகு ஓரத்தில் அடித்தபோதெல்லாம் இரண்டு ஜோடிக் கைகள் எதிர்ப்பட்டன. பிழை அவளுடையதன்று, எங்களுடையது.

இவ்வாண்டு பயிற்சியில் அவளுக்கும் தவறாமல் பந்து கொடுக்கிறோம். அவளும் ஒவ்வொரு முறையும் பந்து தனக்கே வருவதாக எண்ணி ஓடுகிறாள். புள்ளிக் குறிப்பேட்டில் அந்த ஓட்டத்தை எழுத இடமில்லை. ஆகையால் அம்மா, அடுத்த ஆட்டத்திற்கு வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் மகளைப் பாருங்கள். வேறொருத்தி அடித்துப் பெறும் புள்ளியில் பாதி அவளுடையது.