சிறு ஜீப்பின் சக்கர நடுக்கம்

மாட்டு வண்டியின் கடையாணி விரலளவே உடையது. அது கழன்றால் சக்கரம் அச்சைவிட்டு ஓடிவிடும். மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். பெரிய விபத்துக்கு ஒரு சிறு மூட்டின் தேய்மானமே போதுமானது.

கரடுமுரடான பாதைகளுக்கென ஜப்பானின் சுசுகி நிறுவனம் 1970-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜிம்னி என்னும் சிறு ஜீப் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். முதல் ஜிம்னியின் இயந்திரம் 359 கன சென்டிமீட்டர் அளவே உடையது. தொடக்கத்தில் அவ்வண்டியைப் பட்டை வில்கள் தாங்கின. 1998-இல் வந்த மூன்றாம் தலைமுறை வண்டியைச் சுருள் வில்கள் தாங்குகின்றன. ஆயினும், முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சில் பிணைக்கும் முறை மாறவில்லை. 2018-இல் வந்த வண்டியும் அவ்வாறே அமைந்துள்ளது. ஆகவே ஒரு சக்கரத்தின் ஆட்டம் மற்றதையும் பற்றிக்கொள்ளும்.

நடுக்கம் ஏன்?

பழைய ஜிம்னி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் செல்லும்போது சிறு பள்ளத்தில் விழுந்தால், முன்சக்கரங்கள் படபடவென்று அடித்துக்கொள்வதுண்டு. ஸ்டியரிங் கைப்பிடிக்கு அடங்காது துள்ளும். வேகம் குறைந்ததும் நடுக்கம் நின்றுவிடும். ஓட்டுநரும் அதனை மறந்துவிடுவார். நோய் மட்டும் உள்ளேயே இருக்கும்.

ஒவ்வொரு முன்சக்கரமும் கிங்பின் எனப்படும் இரு குட்டை முளைகளைப் பற்றித் திரும்புகிறது. அவை மேலும் கீழும் கூம்பு உருளை பேரிங்குகளில் அமர்ந்துள்ளன. ஆற்றையும் சேற்றையும் கடக்கும்போது தேய்ந்த சீல் வழியே நீர் புகுந்தால் கிரீஸ் கெடும். உருளைகள் துருவேறிக் குழிவிழும். இரு சக்கரங்களையும் இணைப்பது டை ராடு என்னும் தண்டு. அதன் முனைகளில் மனிதரின் தோள்மூட்டைப் போன்ற பந்துக்கிண்ண மூட்டுகள் உள்ளன. சுருள் வில் வண்டியில், அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் முனைகளில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் மயிரிழை தேய்மானம் பெரிதன்று. நான்கு இடங்களின் தேய்மானம் ஒன்றுசேரும்போதுதான் சக்கரம் ஆடத் தொடங்குகிறது.

நோயறியும் முறை

முதலில் டயர்கள் சமன்செய்யப்பட்டுள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும். பின்னர், சக்கரங்கள் தரையில் இருக்கும்போதே ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்க, மற்றொருவர் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் தாமதித்து அசையும் மூட்டு தேய்ந்ததாகும்.

அடுத்து, வண்டியின் முன்பகுதியை உயர்த்தி அச்சின்கீழ் உறுதியான தாங்கிகளை வைக்க வேண்டும். ஜேக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் உயிருக்கே ஆபத்தாகும். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? அப்போது உதவியாளர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் மறைந்தால் குறை சக்கர பேரிங்கில் உள்ளது. மறையாவிடில் கிங்பின் பேரிங்கில் உள்ளது. செலவில்லாத இச்சோதனை வீண்செலவைத் தடுக்கும்.

மாற்றும் முறை

டை ராடு முனையைக் கழற்றுமுன் வெளியே தெரியும் மரைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, புதியதையும் அதே அளவுக்குத் திருக வேண்டும். ஒரு முனை வலமரையும் மறுமுனை இடமரையும் உடையவை. தண்டைச் சுழற்றிச் சக்கரங்களை நேர்செய்வதற்கே இந்த ஏற்பாடு. நட்டைப் பூட்டும் காட்டர் பின் கடையாணிக்கு ஒப்பானது. பழையதை மீண்டும் செருகலாகாது. துளை பொருந்தாவிடில் நட்டைச் சற்றே இறுக்க வேண்டுமேயன்றித் தளர்த்தக் கூடாது.

கிங்பின் பேரிங்குகளை அவற்றின் வெளிக்கிண்ணங்களோடு சேர்த்தே மாற்றுதல் முறை. டை ராடைப் பிணைக்குமுன் வில் தராசைக் கொக்கியிட்டு இழுத்து, சக்கர மூட்டு திரும்பத் தேவையான விசையை வண்டியின் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். மிக இறுகினால் ஸ்டியரிங் கனக்கும். தளர்ந்தால் நடுக்கம் திரும்பும்.

ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டியின் பாரம் சக்கரங்களில் இறங்கிய பின்னரே முற்றும் இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே வேலை செய்து விரைவில் கிழியும். யாவும் முடிந்தபின் சக்கரங்களின் நேர்மையைப் பட்டறையில் அளந்து பார்ப்பது கட்டாயம்.

மறைப்பு வேறு, மருந்து வேறு

நடுங்கும் வண்டிக்குப் புதிய ஸ்டியரிங் டேம்பர் ஒன்றைப் பொருத்தினால் நடுக்கம் அடங்கியதுபோல் தோன்றும். அதிர்ச்சியை விழுங்குவதே டேம்பரின் தொழில். தேய்ந்த மூட்டைச் செப்பனிடுவது அதன் தொழிலன்று. மறைவில் தேய்மானம் வளரும். ஒருநாள் பந்து கிண்ணத்தைவிட்டுக் கழன்றால், ஓட்டுநரின் கையில் வளையம் சுழலும், சக்கரம் திரும்பாது. ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கி மூட்டுகளின் தளர்வை மறைப்பதும் இத்தகைய பிழையே.

தேய்ந்தது எது என்று முதலில் அறிய வேண்டும். அறிந்தபின் மாற்ற வேண்டும். மாற்றியபின் அளந்து பார்க்க வேண்டும். இவ்வொழுங்கைப் பின்பற்றுவோருக்குச் சிறு வண்டி நெடுநாள் துணைநிற்கும்.