‘அது’ என்று சொல்லப்பட்டவர்களின் மேடை



குற்றப்பரம்பரைச் சட்டம் பற்றி நம் அரங்குகளில் பலமுறை பேசியிருக்கிறோம். கைரேகைப் பதிவு, இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டிய கொடுமை, குறவர் மக்கள் மீது இன்றுவரை தொடரும் பொய் வழக்குகள் என்று நிறையப் பேசிவிட்டோம். ஆனால் 1871-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதியை நாம் பெரும்பாலும் புரட்டியதில்லை. இன்று நாம் திருநங்கையர் என்று மரியாதையோடு சொல்கிறவர்களைக் குறிவைத்து எழுதப்பட்ட பகுதி அது. அவர்களுடைய பெயரும் வசிப்பிடமும் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவானவர் பெண்ணுடையில் தெருவில் தோன்றினாலோ, ஆடினாலோ, இசைக்கருவி வாசித்தாலோ, பொதுக் காட்சி எதிலாவது பங்கேற்றாலோ, கூலிக்காக ஒரு வீட்டுக்குள் ஆடினாலோகூட, பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம். இரண்டு ஆண்டுகள் வரை சிறை. வட இந்தியாவில்தான் இந்தப் பகுதி நடைமுறையில் இருந்தது.

உடை, ஆட்டம், இசை, காட்சி. ஒரு நாடகத்துக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரே பிரிவுக்குள் குற்றமாக அடுக்கப்பட்டிருக்கிறது. பறை அடிக்க மறுத்ததற்காக உதைபட்ட மக்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. யாருடைய கலை எப்போது வேலை, எப்போது குற்றம் என்பதை அதிகாரத்தில் இருப்பவன் முடிவு செய்கிறான்.

பால்புதுமையினரைப் பற்றிய சமகால நாடகங்களை இந்த இடத்திலிருந்து பார்க்க விரும்புகிறோம். திருநங்கையர், திருநம்பியர், தன் பாலினத்தவரையே காதலிப்பவர்கள் அனைவரையும் சேர்த்தே அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம்.

நவீன இந்திய மேடையில் இந்த வாழ்க்கையைத் துணிந்து எழுதிய முன்னோடிகளில் விஜய் டெண்டுல்கர் முக்கியமானவர். மராத்தியில் அவர் எழுதிய ‘மித்ராச்சி கோஷ்ட’ 1981-இல் மேடையேறியது. மித்ரா என்ற கல்லூரிப் பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கிறாள். ரோகிணி ஹட்டங்கடி மித்ராவாக நடித்தார். அந்தக் காலத்தில் அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கதையை நமக்குச் சொல்பவன் பாப்பு என்ற ஆண் நண்பன். அவன் நல்லவன், இரக்கமுள்ளவன், கடைசியில் கையாலாகாதவன். மித்ரா தற்கொலை செய்துகொள்கிறாள். அவளைப் பற்றிய நாடகத்தில் அவள் கதை இன்னொருவர் வாயிலிருந்துதான் வருகிறது. தலித் வாழ்வைத் தலித் அல்லாத நல்லெண்ணக்காரர்கள் எழுதிய நாவல்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். அங்கும் இரக்கத்துக்குக் குறைவில்லை, முடிவில் பிணத்துக்கும் குறைவில்லை.

மகேஷ் தத்தாணி ஆங்கிலத்தில் எழுதுகிறவர். ‘செவன் ஸ்டெப்ஸ் அரவுண்ட் தி ஃபயர்’ அவர் பிபிசி வானொலிக்காக எழுதிய நாடகம். பிறகு மேடைக்கும் வந்தது. உமா ராவ் என்ற சமூகவியல் ஆய்வாளர் (நம்மைப் போல ஒருவர், ஆனால் கணவர் காவல்துறை உயரதிகாரி) கமலா என்ற திருநங்கையின் கொலையைத் துருவுகிறார். கமலா எரித்துக் கொல்லப்பட்டிருக்கிறாள். அந்தப் பழி அவளுடைய தோழி அனார்கலி மீது விழுகிறது. அனார்கலியைக் காவலர் ‘அது’ என்றே குறிப்பிடுகிறார். உமா ‘அவள்’ என்கிறார். துருவத் துருவத் தெரியவருவது இதுதான்: அமைச்சரின் மகன் சுப்பு கமலாவை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டவன். குடும்ப கௌரவத்துக்காக அவள் தீர்த்துக்கட்டப்பட்டாள். சுப்புவும் சாகிறான். வழக்கு மூடப்படுகிறது.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு எந்தப் புதுமையும் தோன்றவில்லை. தெரிந்த கதை. பெயர்களை மாற்றினால், நாம் உண்மையறியும் குழுவாகப் போய் அறிக்கை எழுதிய எத்தனையோ ஊர்களின் ஆணவக்கொலை இது. ரகசியத் திருமணம், செல்வாக்குள்ள குடும்பம், எரிந்த உடல், திசைமாறும் முதல் தகவல் அறிக்கை. அந்த ‘அது’ என்ற சொல்லும் நமக்குத் தெரிந்ததுதான். வயதில் மூத்தவரை ‘ஏலே’ என்றும் ‘வாடா’ என்றும் கூப்பிடும் அதே நாக்கு, இவர்களை அஃறிணைக்குத் தள்ளுகிறது. தமிழில் உயர்திணை, அஃறிணை என்று இலக்கணம் பிரித்தே வைத்திருப்பதால் அந்தத் தள்ளல் ஆங்கிலத்தைவிட நம் காதில் இன்னும் வலுவாக விழுகிறது.

1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையை மாணவர்கள் இந்த நாடகங்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அகமண முறைதான் சாதியின் உயிர்நாடி என்று அதில் அவர் நிறுவுகிறார். ஒரு சாதிக்குள் ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். கணவனோ மனைவியோ இறந்தால் எஞ்சுகிறவர் ‘உபரி’ ஆகிவிடுகிறார். அந்த உபரிப் பெண்ணை எரிக்க உடன்கட்டை, அடக்கி வைக்கக் கைம்மை. உபரி ஆணுக்குத் துறவு அல்லது சிறுமியோடு மணம். சாதி தன் எல்லையைக் காக்கப் போடும் கணக்கு இது. ஆண் பெண்ணுக்கு, பெண் ஆணுக்கு என்பதை முன்பே எழுதிவைத்துவிட்டுத்தான் கணக்கு தொடங்குகிறது. அந்தக் கணக்குக்குள் நுழையவே மறுக்கிற ஒருவரைச் சாதிக் குடும்பம் என்ன செய்யும்? விரட்டும், கட்டாயக் கல்யாணம் செய்துவைக்கும், அல்லது கமலாவுக்குச் செய்ததைச் செய்யும். அம்பேத்கர் அந்தக் கட்டுரையில் இதைப் பேசவில்லை. அவருடைய வாதத்தை நீட்டிப் பார்ப்பது எங்கள் பொறுப்பு.

அதற்காகத் தன்பாலினக் காதல் தானாகவே சாதியை ஒழித்துவிடும் என்று சொல்ல வரவில்லை. 2015-இல் மும்பை நாளிதழ் ஒன்றில் ஒரு தாய் தன் மகனுக்கு மாப்பிள்ளை தேடி விளம்பரம் கொடுத்தார். நாடே பாராட்டியது. சாதி தடையில்லை என்ற விளம்பரத்தில் ஐயர் என்றால் விருப்பம் என்ற அடைப்புக்குறியும் இருந்தது. தத்தாணியின் ‘ஆன் எ மக்கி நைட் இன் மும்பை’ (1998) நாடகத்தைப் பற்றி எங்களுக்குள்ள தயக்கமும் இங்கேதான். ஆண்களின் காதலை இந்திய மேடையில் ஒளிவுமறைவின்றி வைத்த நாடகம். கமலேஷின் அடுக்குமாடி வீட்டில் நண்பர்கள் கூடியிருக்கிறார்கள். கீழே ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் கல்யாணச் சத்தத்தை வைத்தே அவர் நிறையச் சொல்லிவிடுகிறார். கமலேஷைக் காதலித்தவன் அவனுடைய சகோதரியையே மணக்கவிருக்கிறான் என்பது உண்மையிலேயே வயிற்றைப் பிசையும் இடம். ஆனால் பூட்டிக்கொள்ள ஒரு கதவு இருக்கிறது அவர்களுக்கு. ஒற்றை அறையில் ஏழுபேர் படுக்கும் சேரி வீட்டில் இந்த ரகசியத்தை எங்கே வைப்பது? அந்தக் கேள்வி நாடகத்துக்குள் வருவதில்லை.

அந்தக் கேள்வி தமிழ் மேடைக்கு வந்தது, அந்த வாழ்க்கையை வாழ்ந்தவர்கள் தாங்களே மேடையேறியபோதுதான்.

தமிழ் நாடகத்துக்குப் பெண்வேடம் கட்டிய ஆண்கள் புதிதல்ல. தெருக்கூத்தில் இன்றும் இருக்கிறார்கள். பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டவர்களுக்கு ரசிகர்கள் இருந்தார்கள். சிவாஜி கணேசனே அப்படித் தொடங்கியவர்தான். அங்கே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை உண்டு: விடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட வேண்டும். கலைக்க மறுத்தவருக்குப் பாராட்டு நின்று, கல்லெறி தொடங்கும்.

அ. மங்கையின் இயக்கத்தில் திருநங்கையர் நடித்த ‘கண்ணாடிக் கலைக்குழு’வின் நாடகங்கள் இந்த உடன்படிக்கையை உடைத்தன. ரேவதி தன் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யை, அதே மங்கையின் இயக்கத்தில் ஒற்றையாளாக நின்று நிகழ்த்தினார். பாப்பு தேவைப்படாத மேடை அது. ‘நான்’ என்ற சொல்லை அந்த உடலே சொல்கிறது; பார்வையாளருக்கு ‘அது’ என்று சொல்ல இடமில்லை.

2014-இல், திருநங்கையரின் உரிமையை உச்ச நீதிமன்றம் ஏற்ற அதே ஆண்டில், லிவிங் ஸ்மைல் வித்யா, ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் மூவரும் ‘பன்மை’ நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். (அதற்கு நான்கு மாதம் முன்புதான் இதே நீதிமன்றம் 377-ஆம் பிரிவுக்கு உயிர் கொடுத்திருந்தது, 2018 வரை அது சாகவில்லை.) வித்யா தலித் திருநங்கை, ‘நான், வித்யா’ எழுதியவர், திருநங்கையர் மீதான வெறுப்பைப் பார்ப்பனியத்தின் ஒரு வகையாகப் பார்க்க வேண்டும் என்று தொடர்ந்து வாதிட்டவர். செம்மலர் திருநம்பி. ‘கலர் ஆஃப் டிரான்ஸ்’ என்ற அவர்களுடைய நாடகம் சொந்த வாழ்விலிருந்து எடுத்த காட்சிகளால் ஆனது. முக்கியமாக, அது சிரிக்க வைக்கும். கூவாகத்துத் தாலியறுப்பையும் ஒப்பாரியையும் மட்டும் இவர்களிடம் எதிர்பார்த்து வந்த பார்வையாளர், தன்னைப் பார்த்தே சிரிக்க வேண்டியிருக்கும். இறந்தவர்களாக மட்டும் மேடைக்கு வந்தவர்கள் நையாண்டி செய்பவர்களாக வந்தது எங்களுக்குப் பெரிய மாற்றமாகப் படுகிறது.

இன்னொரு நாடகத்தைச் சொல்ல வேண்டும். பாமாவின் ‘மொளகாப்பொடி’ கதையை ஸ்ரீஜித் சுந்தரம் இயக்கத்தில் ‘கட்டியக்காரி’ குழு மேடையேற்றியது. புல் அறுக்க வரும் தலித் பெண்களின் கண்ணில் மிளகாய்ப் பொடியைத் தூவும் நிலக்காரி கங்கம்மாவின் கதை. அதில் திருநங்கையர் நடித்தார்கள். கவனிக்க வேண்டும்: கதையில் திருநங்கைப் பாத்திரமே இல்லை. அவர்கள் தங்கள் சோகத்தைச் சொல்ல வரவில்லை, நடிக்க வந்தார்கள். அவரவர் வலியை அவரவரே சொல்ல வேண்டும் என்று நாம் போராடிப் பெற்ற நியாயம், சில சமயம் ஒரு கூண்டாகிவிடுகிறது. தலித் எழுத்தாளரிடம் தலித் வாழ்க்கையை மட்டுமே கேட்கும் பதிப்பாளரை நமக்குத் தெரியும். திருநங்கை நடிகருக்குத் திருநங்கை வேடம் மட்டுமே என்பதும் அதே கூண்டுதான். தலித் பெண் இன்னொரு பெண்ணைக் காதலிக்கும் நாடகமும் நமக்கு வேண்டும். இங்கிருக்கும் மாணவர் யாராவது எழுதட்டும்.

கடைசியாக, எங்களைப் பற்றி. தொண்ணூறுகளில் நாங்கள் போட்ட வீதி நாடகங்களில் கூட்டம் சேர்க்க ஓர் எளிய வழி வைத்திருந்தோம்: ஒரு தோழருக்குச் சேலை கட்டி இடுப்பை ஆட்டவிடுவது. சாதி ஒழிப்பு நாடகம்தான். அந்தச் சிரிப்பு யார் மீது விழுந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கலை இரவுக்கு ஒரு திருநங்கையர் குழுவை அழைத்தோம். கேட்காமலே சுவரொட்டியில் ‘கரகாட்டம்’ என்று அடித்துவிட்டோம். அவர்கள் நாற்பது நிமிட நாடகத்தோடு வந்திருந்தார்கள். நாங்கள் பதினைந்து நிமிடம் கொடுத்தோம். எந்த அறையில் உடை மாற்றுவது என்று எங்களுக்குள் முணுமுணுப்பு நீண்டதால், வேனுக்குப் பின்னால் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டு மாற்றிக்கொண்டார்கள். புறப்படும்போது அவர்களில் மூத்தவர் கேட்டார்: “நீங்க கூப்பிட்டது எங்களையா, எங்க ஆட்டத்தையா தோழர்?”

யாரும் பதில் சொல்லவில்லை. இந்த ஆண்டு அவர்களை மறுபடி அழைத்திருக்கிறோம். சுவரொட்டிக்கான வாசகத்தை அவர்களே எழுதி அனுப்பட்டும் என்று கேட்டிருக்கிறோம். இன்னும் வரவில்லை. அச்சகத்தில் சொல்லி வைத்திருக்கிறோம்.