செருப்பைக் கழற்றும் முன் பாதத்தைப் பாருங்கள்

மழை விட்ட மாலையில் உங்கள் புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தை எட்டிப் பாருங்கள். கறிவேப்பிலைச் செடியின் ஓரம் ஒரு ஜோடி செருப்பு கிடக்கும். அதற்குரியவர் வெறுங்காலுடன் வெண்டைப் பாத்தியில் நிற்பார். கோயில் வாசலிலும் வீட்டு வாசலிலும் செருப்பை விட்டே பழகியவர்கள் நாம். தேசியப் பூங்காக் கழகம் 2005ல் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, அடுக்குமாடி வீடுகளில் வாழும் நமக்கும் கால் பதிக்கக் கொஞ்சம் மண் கிடைத்திருக்கிறது.

அந்தச் சுகத்துக்கு அறிவியல் காரணம் உண்டு. உள்ளங்கால், முடி முளைக்காத தனிவகைத் தோல். அழுத்தத்தையும் அதிர்வையும் வழுக்கலையும் உணரும் நரம்பு முனைகள் அதில் நிறைந்துள்ளன. மண் இறுகியிருக்கிறதா, தண்ணீர் போதுமா என்பதைக் கண்ணுக்கு முன்பே கால் சொல்லிவிடும். மண்வாசனையும் சேர்ந்துகொள்ளும். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அந்த வாசனைக்கு முக்கியக் காரணம். அது காற்றில் மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் நம் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

ஆனால், அதே மண்ணில் வேறு சிலரும் குடியிருக்கிறார்கள்.

ரங்கூனில் கண்டறிந்த கிருமி

சிங்கப்பூர் உட்படத் தென்கிழக்காசிய மண்ணிலும் சேற்று நீரிலும் ‘பர்கோல்டெரியா சூடோமல்லை’ என்ற பாக்டீரியா வாழ்கிறது. அது உண்டாக்கும் நோய் மெலியோய்டோசிஸ். ரங்கூனில் பணியாற்றிய ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய சக மருத்துவர் சி.எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை 1912ல் முதன்முதலாக விவரித்தார்கள். உலகில் ஆண்டுக்குச் சுமார் 165,000 பேரை இது பாதிக்கிறது, சுமார் 89,000 பேர் இறக்கிறார்கள் என்று 2016ல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

கிருமி காலில் பட்டாலே நோய் வந்துவிடாது. முழுமையான தோல் நல்ல அரண். வெட்டுக்காயம், குதிகால் வெடிப்பு, கொப்புளம் ஆகியவை அந்த அரணில் விழும் ஓட்டைகள். கனமழை நாள்களில் மண்ணுக்குள் இருக்கும் கிருமி மேற்பரப்புக்கு வருவதால், அப்போது ஆபத்து கூடும். மூச்சுக் காற்று வழியாகவும் கிருமி உள்ளே போகலாம்.

இந்நோய்க்கு மிக எளிதில் ஆளாகக்கூடியவர்கள் நீரிழிவு உள்ளவர்கள். அவர்கள் உடலில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை. நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளையும் மரக்கச் செய்யும். முள் குத்தியது தெரியாது, புண்ணும் மெதுவாகவே ஆறும். மண்ணின் சுகத்தைச் சொல்ல வேண்டிய நரம்பே ஆபத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. சிங்கப்பூரில் சீனர்களைவிட இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால், இது நம் வீட்டுத் தாத்தா பாட்டி சம்பந்தப்பட்ட விஷயம்.

புழுவும் ஆணியும்

கொக்கிப்புழுவின் இளம்புழு, காயமே இல்லாத தோலையும் துளைத்து நுழையும். பிறகு இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். கழிப்பறை வசதியற்ற பழைய ரப்பர்த் தோட்டங்களில் தொழிலாளர்களைச் சோகை பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். நவீனக் கழிவுநீர் வசதி வந்ததும் அந்தச் சங்கிலி இங்கே அறுந்தது. ஆனால் பூனை, நாய் ஆகியவற்றின் கொக்கிப்புழுக்கள் இன்னும் உண்டு. அவை நம் தோலுக்குள்ளேயே ஊர்ந்து, நெளியும் சிவந்த கோடுகளையும் கடும் அரிப்பையும் தரும்.

டெட்டனஸ் கிருமியின் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஆக்சிஜன் புகாத ஆழமான காயமே அதற்கு வசதி. ஆணி துருப்பிடித்திருக்கிறதா என்பதைவிட, அது எவ்வளவு ஆழமாகக் குத்தியது என்பதே முக்கியம்.

என்ன செய்யலாம்?

நீரிழிவு, சிறுநீரக நோய் அல்லது காலில் புண் இருந்தால் வெறுங்கால் வேண்டாம். ரப்பர் பூட்ஸ் அணியுங்கள், கையுறையும் போடுங்கள். ஆரோக்கியமானவர்களும் கனமழைக்குப் பின் சேற்றில் இறங்குவதையும், பூனைகள் மண்ணைக் கிளறும் இடத்தில் நிற்பதையும் தவிர்க்கலாம். மண்வெட்டி பிடிக்கும்போது காலணி கட்டாயம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு 10 ஆண்டுகள் ஆகியிருந்தால் மருத்துவரிடம் கேளுங்கள்.

தோட்ட வேலைக்குப் பின் சில நாள்களிலோ வாரங்களிலோ காய்ச்சல் வந்து தணியாவிட்டால், “மண்ணில் வேலை செய்தேன்” என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மெலியோய்டோசிஸ் நிமோனியா போலவும் காசநோய் போலவும் வேடமிடும். வழக்கமான சில நுண்ணுயிர்க்கொல்லிகள் அதனிடம் பலிக்காது. சரியான மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் குணப்படுத்தலாம். அதற்கு உங்கள் அந்த ஒரு வாக்கியம் உதவும்.