பாரதம் சொல்வோரும் ஊர்ப் பொருளாதாரமும்

சித்தூர், திருப்பதி வட்டாரத்துச் சிற்றூர்களில் கோடையை ஒட்டிப் பாரதம் தொடங்கும். தெலுங்கில் தருமராஜா கோயில் என்றும், தமிழில் திரௌபதி அம்மன் கோயில் என்றும் வழங்கும் கோயிலின் முன் பந்தல் இடப்பெறும். மரபுப்படி 18 நாட்கள், பகலில் மகாபாரதக் கதை சொல்லப்படும்; இரவில் அதே கதை விடியும் வரை தெருக்கூத்தாக ஆடப்பெறும். அர்ச்சுனன் தவத்தன்று வேடம் கட்டியவர் உயர்ந்த கம்பத்தின் உச்சிக்கு ஏறி எலுமிச்சம்பழமும் பூவும் வீசுவார். இறுதி நாள் காலையில், தரையில் மண்ணால் வடித்த மாபெரும் துரியோதனன் உருவத்தின் மீது பீமன் போர் முடிப்பான். திரௌபதி கூந்தல் முடிவாள். மாலையில் தீமிதி நடைபெறும்.

குப்பம், பலமனேர், நகரி, புத்தூர்ப் பகுதிகளில் இவ்விழா இரு மொழிகளுக்கும் பொதுவானதாக விளங்குவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1911 வரை சித்தூர் நகரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடுகள் இவ்வாறு மாறினவேயன்றிக் கதை மாறவில்லை. தமிழ் வழங்கும் ஊர்களில் பாரதப் பிரசங்கியார் வில்லிபுத்தூராரின் பாடலைப் பாடிப் பொருள் சொல்வார். தெலுங்கு ஊர்களில் ஹரிகதை சொல்பவர் சலங்கை கட்டி, நன்னயர், திக்கனர், எர்ரனர் என்னும் மூவர் தந்த பாரதத்தைத் தம் போக்கில் விரித்துரைப்பார்.

ஏட்டில் உள்ள காவியத்தை ‘வாய்மொழி மரபு’ எனக் கூறுவது பொருந்துமா என மாணவர்கள் வினவக்கூடும். பொருந்தும். ஏட்டில் இருப்பது செய்யுள் மட்டுமே. எங்கே நிறுத்துவது, எந்தக் கிளைக்கதையை நுழைப்பது என்பனவெல்லாம் சொல்பவரின் நினைவில் உள்ளவை. கூத்தில் இது மேலும் வெளிப்படை. விருத்தங்களும் தருக்களும் மனப்பாடம். வசனமோ பெரும்பாலும் அந்த இரவிலேயே பிறப்பது. கட்டியங்காரன் ஊர் வம்பையும் விலைவாசியையும் கௌரவர் சபைக்குள் கொண்டுவந்துவிடுவான்.

கேட்போருக்கும் இதில் பங்குண்டு. பலமனேரை அடுத்த ஓர் ஊரில் பிரசங்கியார் நேரமின்மையால் ஒரு கிளைக்கதையைத் தாண்டிச் சென்றபோது, முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், “சாமி, நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்களே” என்றார். அவர் புன்னகைத்துத் திரும்பி வந்து அதைச் சொல்லி முடித்தார். இத்தகைய தணிக்கையாளர் எந்த அலுவலகத்திலும் கிடைப்பது அரிது.

இனி இதன் பொருளாதாரத்தை நோக்குவோம். ஊரார் குடும்பத்துக்கு இவ்வளவு என வரி வைத்துப் பணம் திரட்டுவர். குழுவுக்கு வெற்றிலை பாக்குடன் முன்பணம் தரப்படும். வரும் தொகை வேடத்துக்கும் வாத்தியத்துக்கும், கிரீடமும் புஜகீர்த்தியும் உடையவருக்கும் பங்காகப் பிரியும். பருவம் முடிந்தால் கலைஞர்களில் பலர் கூலி வேலைக்குச் செல்வர். வரி குறைந்தால் இரவுகள் குறையும்; 18 நாள் விழா 10 நாளாகச் சுருங்கும். அப்போது துகில் உரிதலையோ படுகளத்தையோ எவரும் கைவிடார். கூட்டம் சேராத கதைகளே முதலில் விடுபடும். ஓர் இரவு நாடகம் ஐந்தாறு ஆண்டுகள் ஆடப்படாவிடில், அந்த ஆண்டுகளில் குழுவில் சேர்ந்த இளைஞன் அதை அறியவே மாட்டான். மூத்தவர் மறைந்ததும் அது முற்றாக அற்றுப்போகும். எனவே இக்கலையின் அழிவை ஆடப்படாத இரவுகளைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது என் கருத்து.

திபெத்தியரின் கேசர் காவியம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. உலகின் மிக நீண்ட காவியங்களுள் ஒன்றான அதைப் பாடியவர் பலர் எழுத்தறியாதவர். கனவில் கதை கைவந்தது என்று கூறியோரும் உண்டு. அவர்களுடைய பாடல்கள் பெருமளவில் ஒலிப்பதிவு செய்யப்பட்டன. 2009இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் அக்காவியம் இடம்பெற்றது. பதிவு இன்றியமையாததே. ஆயினும் ஒலிநாடா பாடலைக் காக்கும்; அடுத்த பாடகரை உருவாக்க அதனால் இயலாது.

நம் நாட்டில் உதவித் திட்டங்கள் இல்லாமல் இல்லை. 60 வயது கடந்த, வருவாய் குறைந்த கலைஞருக்கு மத்திய அரசு மாத உதவி வழங்குகிறது. மண்டலப் பண்பாட்டு மையங்களின் குரு-சீடர் திட்டத்தில் குருவும் பக்கவாத்தியக்காரரும் சீடர்களும் மதிப்பூதியம் பெறுகின்றனர். முன்னது தனிமனிதருக்கு உரியது. கூத்தோ குழுவின் தொழில். பின்னதன் பயிற்சிக்காலம் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை. சிறு வேடம் கட்டத் தொடங்கிய பையன் துரியோதனன் வேடத்துக்கு உயரப் பல பருவங்கள் ஆகும். ஓராண்டில் சான்றிதழ் தரலாம். 18 இரவுகளைத் தர முடியாது.

மற்றோர் இடர் மாநில எல்லை. கலைஞர் அடையாள அட்டை, நல வாரியம் போன்றவை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவன. தமிழகக் குழு சித்தூர்ப் பக்கத்து ஊரில் ஆடும்போது அது எந்த மாநிலத்துக் கலை என்ற கேள்வி கோப்பில் மட்டுமே எழுகிறது. 1986இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்ட தென்னகப் பண்பாட்டு மையத்தின் வரம்பில் ஆந்திரமும் தமிழகமும் அடங்கும். நகர மேடையில் அரை மணி நேரக் கூத்துக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை, விடுபட்ட இரவுகளை மீண்டும் ஆட முன்வரும் ஊர்க்குழுக்களுக்கு ஈட்டு மானியமாக அளிக்கலாம்: ஊர் திரட்டும் வரிக்கு ஈடாக அரசின் பங்கு. கணக்குக் காட்டுவது எளிது; கூத்து நடந்ததா என்பதற்கு ஊரே சாட்சி. ஆனால் மானியம் மாசிக்குள் வந்து சேர வேண்டும். நிதியாண்டின் கடைசி வாரத்தில் வரும் ஆணை, அவ்வாண்டு முன்பணம் பேசி முடித்த குழுவுக்குப் பயன்படாது.