பலகையை இறக்கச் சொன்ன ஹோபி பேக்கர்

நியூயார்க்கில் செயின்ட் நிக்கலஸ் ரிங்க் என்று ஒரு பனித்தள அரங்கு இருந்தது. முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்கு முந்தைய ஆண்டுகளில், ஐஸ் ஹாக்கி ஆட்டம் உள்ள நாட்களில் அதன் வாசலில் ஒரு பலகை தொங்கும். ‘ஹோபி பேக்கர் இன்றிரவு விளையாடுகிறார்’ என்பதுதான் அதில் இருந்த வாசகம். எந்த அணி எந்த அணியோடு மோதுகிறது என்பதெல்லாம் அப்புறம். அந்தப் பெயரைப் பார்த்தாலே வாசலில் கார்கள் வரிசை கட்டும். பேக்கர் அரங்க நிர்வாகத்திடம் போய், அந்தப் பலகையை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். ஆடுவது அணி, தான் மட்டும் இல்லை என்பது அவருடைய கட்சி.

நான் ஹாக்கி பார்த்து வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம். பிழைப்பு விமானப்படையில், இன்ஜின் ஃபிட்டராக. அந்த ஆட்டத்தையும் இந்த வேலையையும் ஒன்றாகத் தொட்ட மனிதர் என்பதால்தான் இந்த அமெரிக்கரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் ஆடியது நம்மூர்ப் புல்தரை ஹாக்கி இல்லை. காலில் சக்கரமில்லாத இரும்புத் தகட்டு ஸ்கேட், கையில் மட்டை, பந்துக்குப் பதில் ‘பக்’ என்ற ரப்பர் வட்டு. சில்லுக்கருப்பட்டியைக் கொஞ்சம் பெரிதாக்கியது போல இருக்கும். மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குல கனம்.

ஹோபார்ட் அமோரி ஹேர் பேக்கர் 1892 ஜனவரி 15 அன்று பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவை ஒட்டிய பாலா கின்விட் என்ற ஊரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு வயதில் அண்ணனோடு நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள செயின்ட் பால்ஸ் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கியை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவரான மால்கம் கார்டன்தான் அங்கே பயிற்சியாளர். குளம் உறைந்ததும் பையன் இரவில் தனியாகப் போய் இருட்டில் ஆடிப் பழகுவானாம். வட்டு கண்ணுக்குத் தெரியாது; மட்டை நுனியில் படும் உணர்வை வைத்தே அதைக் கொண்டுபோக வேண்டும். பின்னாளில் ஆட்டத்தின்போது குனிந்து வட்டைப் பார்க்காமல், தலை நிமிர்ந்து எதிராளியைப் பார்த்தபடியே அவரால் பாய முடிந்தது இந்தப் பழக்கத்தால்தான்.

அந்தத் திறமைக்கு அன்றைய விதிகள் நல்ல மேடை. ஓர் அணிக்கு ஏழு பேர். பேக்கர் ‘ரோவர்’, அதாவது களம் முழுக்கச் சுற்றும் ஏழாவது ஆள். வட்டை முன்னால் இருக்கும் சகாவுக்குத் தள்ளிவிடக் கூடாது. பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் கொடுக்கலாம். ஆகவே எதிரிகளை ஒவ்வொருவராகத் தாண்டித் தானே கொண்டுபோகிறவன்தான் ராஜா. பேக்கர் தன் கோலுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி வேகமெடுத்து மறுமுனைக்குப் பறப்பார். அவர் வட்டைத் தொட்டதும் கூட்டம் எழுந்து நின்றுவிடும்.

1910இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால், ஹாக்கி இரண்டிலும் நட்சத்திரம். இறுதி ஆண்டில் இரண்டு அணிகளுக்கும் அவர்தான் கேப்டன். ஃபுட்பாலில் தலைக்கவசம் கட்டாயமில்லாத காலம் அது. அவர் வெறுந்தலையோடு ஆட, பொன்னிற முடியை வைத்தே தூரத்திலிருந்து ஜனங்கள் அடையாளம் கண்டார்கள். எதிரணிகள் அவரைக் குறிவைத்து அடித்தன. அவர் திருப்பி அடித்ததில்லை. கல்லூரி ஹாக்கிக் காலம் முழுவதிலும் நடுவர் அவருக்குக் கொடுத்த தண்டனை ஒன்றிரண்டுக்கு மேல் போகவில்லை. ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டுத்தான் கிளம்புவார்.

அவர் இறுதி ஆண்டில் இருந்தபோது அங்கே முதலாண்டில் சேர்ந்த ஒரு மாணவர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட். 1920இல் வந்த அவருடைய முதல் நாவலின் நாயகன் பெயர் அமோரி, பேக்கரின் நடுப்பெயர். அதில் வரும் ஆலன்பி என்ற ஃபுட்பால் கேப்டனும் பேக்கரை வைத்து எழுதப்பட்டவரே.

1914இல் பட்டம் வாங்கியதும் ஜே. பி. மார்கன் வங்கியில் வேலை. பகலில் வால் ஸ்ட்ரீட் மேசை, மாலையில் செயின்ட் நிக்கலஸ் கிளப்புக்காக ஹாக்கி. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் போன்ற தொழில்முறை அணி பணத்தோடு கூப்பிட்டும் போகவில்லை. அவர் வளர்ந்த வட்டாரத்தில் காசுக்கு ஆடுவது கௌரவக் குறைவு. இன்று நமக்கு அது பணக்கார வீட்டுப் பிடிவாதமாகத் தெரியலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் வங்கி மேசை அவருக்குச் சலித்துப்போனது. 1916இல் மன்ஹாட்டனை அடுத்த கவர்னர்ஸ் தீவில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1917 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கில் கடைசி ஹாக்கி ஆட்டம். ஏப்ரலில் அமெரிக்கா போரில் குதித்தது.

பிரான்ஸுக்கு முதலில் கப்பலேறிய அமெரிக்க விமானிகளில் அவரும் ஒருவர். போனதும் சண்டை கிடைக்கவில்லை. பயிற்சி, பிறகு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, விமானமும் உதிரிபாகமும் இல்லாத காத்திருப்பு. அமெரிக்காவிடம் அன்று முன்வரிசைக்கு ஏற்ற சொந்தப் போர் விமானமே கிடையாது. பிரெஞ்சு விமானங்களைத்தான் வாங்கி ஓட்டினார்கள். 1918 ஏப்ரலில்தான் 103ஆவது ஏரோ ஸ்குவாட்ரனில் இடம் கிடைத்தது. அமெரிக்கா போருக்கு வருமுன்பே பிரான்ஸுக்காகத் தன்னார்வத்தில் பறந்த லஃபாயெட் அணியின் ஆட்கள் நிறைந்த படைப்பிரிவு அது. மே 21 அன்று அவர் பங்குகொண்ட முதல் வெற்றி, அதாவது எதிரி விமானம் ஒன்றை வீழ்த்தியது, பதிவானது. பிரெஞ்சு அரசு ‘க்ருவா த கேர்’ பதக்கம் கொடுத்தது.

சில மாதங்களில் 141ஆவது ஸ்குவாட்ரனுக்கு அவரே தளபதி. தன் படையின் விமானங்களுக்குப் பிரின்ஸ்டனின் நிறங்களான ஆரஞ்சும் கறுப்பும் பூசி, ஜெர்மன் தலைக்கவசத்தின் மேல் பாயும் புலியை வரையச் செய்தார். போர் நவம்பர் 11 அன்று நின்றபோது அவர் கணக்கில் மூன்று வெற்றிகள். ஐந்து இருந்தால்தான் ‘ஏஸ்’ என்பார்கள். அமெரிக்காவின் முதலிடக்காரரான எடி ரிக்கன்பேக்கருக்கு 26. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பேக்கர் நடுத்தர விமானிதான்.

1918 டிசம்பர் 21, பிரான்ஸின் தூல் விமானத்தளம். ஊர் திரும்பும் உத்தரவு கைக்கு வந்துவிட்டது. கிளம்புமுன் கடைசியாக ஒரு முறை பறக்கிறேன் என்றார். கடைசிப் பறத்தல் ஆகாது என்பது விமானிகளிடையே ஊறிய நம்பிக்கை. சகாக்கள் தடுத்தும் கேட்கவில்லை. பழுதுபார்த்து முடித்திருந்த ஒரு ஸ்பாட் 13 விமானத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது, அதிலேயே ஏறினார். சுமார் 600 அடி உயரத்தில் இன்ஜின் நின்றது.

இந்த இடத்தில் என் தொழில் பேசும். ஸ்பாட் 13இல் இருந்தது சுமார் 220 குதிரைத்திறன் ஹிஸ்பானோ சூய்சா இன்ஜின். வேகத்துக்குப் பெயர் பெற்றது. கியரும் எண்ணெய்ச் சுற்றும் படுத்திய பாட்டுக்கும் பெயர் பெற்றது. வேலை பார்த்து இறக்கிய இன்ஜின் முதல்முறை மேலே போகும்போது எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். தரையில் எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்த்தாலும் வானத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சத்தியம் செய்ய முடியாது. அதனால்தான் ‘ஏர் டெஸ்ட்’ என்று தனியாகவே ஒரு பறத்தல்.

கிளம்பியவுடன் இன்ஜின் நின்றால் நேரே முன்னால் இறங்கு, திரும்பாதே. பயிற்சி விமானிக்கு ஆரம்பத்திலேயே ஓதப்படும் பாடம் இது. காரணம் எளிது. இன்ஜின் இல்லாத விமானம் உயரத்தைச் செலவழித்துத்தான் வேகத்தை வைத்திருக்க முடியும். திரும்பினால் அந்தச் செலவு இன்னும் கூடும். தளத்தை நோக்கி வர அரை வட்டம் போதாது. அதைத் தாண்டித் திரும்பி ஓடுபாதைக்கு நேராக வரவேண்டும். தரை நெருங்க நெருங்க விமானி அறியாமலே மூக்கைத் தூக்குவார். வேகம் குறைந்து இறக்கை தன் தாங்கும் சக்தியை இழந்துவிடும். ஸ்பாடின் மெல்லிய இறக்கை இன்ஜின் இல்லாமல் மிதப்பதற்கு ஏற்றதே இல்லை. பாராசூட்டும் அன்று நேச நாட்டு விமானிகளுக்குக் கொடுக்கப்படவில்லை.

பேக்கர் முன்னால் வயலில் இறங்கியிருந்தால் விமானம் நொறுங்கியிருக்கும், விலா எலும்பு உடைந்திருக்கும், உயிர் தப்பியிருக்கலாம். விமானத்தைக் காப்பாற்றத் தளத்தை நோக்கித் திருப்பினார். அது மூக்குக் குத்தி விழுந்தது. ஆம்புலன்ஸில் சில நிமிடங்களில் உயிர் போயிற்று. வயது 26.

அண்மையில் திருமணப் பேச்சு முறிந்திருந்ததையும், வங்கி வாழ்க்கைக்குத் திரும்ப அவருக்கு மனமில்லாததையும் முடிச்சுப் போட்டு, அது விபத்தே இல்லை என்று பேசியவர்கள் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது. தளத்துக்குத் திரும்பப் பார்த்து விழுந்த விமானிகள் அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர். கைதேர்ந்தவர்களுக்குத்தான் அந்த ஆசை அதிகம் வரும். பனித்தளத்தில் ஏழு பேரைத் தாண்டிய கை, இதையும் தாண்டிவிடலாம் என்று நினைத்திருக்கும். இன்ஜினுக்கு ஆளைத் தெரியாது.

முதலில் தூலில் அடக்கம் செய்யப்பட்ட அவரை, 1921இல் தாயார் பாலா கின்விட்டுக்கே கொண்டுவரச் செய்தார். 1923இல் பிரின்ஸ்டனில் அவர் பெயரில் பனித்தள அரங்கு திறந்தது. பரம எதிரிகளான ஹார்வர்ட், யேல் மாணவர்களும் அதற்கு நிதி கொடுத்தார்கள். கனடாவின் ஹாக்கிப் புகழரங்கம் 1945இல் முதன்முதலாகத் தேர்ந்த வீரர்களில் அவரும் ஒருவர். கல்லூரி ஃபுட்பால் புகழரங்கத்திலும் அவர் பெயர் உண்டு. இந்த இரண்டிலும் இடம் பிடித்தவர் அவர் ஒருவர்தான்.

1981 முதல் ஒவ்வோர் ஆண்டும் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியின் சிறந்த ஆட்டக்காரருக்கு ஹோபி பேக்கர் விருது கொடுக்கிறார்கள். கோல் எண்ணிக்கை மட்டும் போதாது. நடத்தையும் படிப்பும் கணக்கில் வரும். மூன்று வெற்றி மட்டுமே பெற்ற விமானியின் பெயர் நூறாண்டு தாண்டி நிற்பது அந்த நடத்தையால்தான். நம் பிள்ளைகளுக்கு மட்டை வாங்கிக் கொடுக்கும்போது, தோற்ற அணியின் அறைக்குப் போய்க் கைகுலுக்கிய இந்த மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.