பிரிட்ஜ் கட்டும் முன் பக்கத்துப் பற்களைப் பாருங்கள்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு, "உள்ளேதானே, யாருக்குத் தெரியப்போகிறது" என்று பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். மற்ற பற்கள் சும்மா இருப்பதில்லை. நாளாக ஆக, பின்னால் உள்ள பல் அந்த இடைவெளிப் பக்கம் சாயும். எதிர்வரிசைப் பல் முட்டுக்கொடுக்க ஆளில்லாமல் மெல்ல நீண்டு வரும். சாய்ந்த இடுக்கில் சோறு சிக்கும், சொத்தை பிடிக்கும். இப்படிப் பறிபோவது பெரும்பாலும் ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல். அதைப் பால்பல் என்று நினைத்து எத்தனையோ வீடுகளில் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த இடத்தில் கழற்றாத பல் கட்டும் முறைதான் பிரிட்ஜ். போன பல்லின் இருபுறமும் உள்ள பற்களுக்கு கேப் எனும் உறை போட்டு, நடுவில் ஒரு செயற்கைப் பல்லை அவற்றோடு ஒரே துண்டாக இணைத்து, சிமென்ட் வைத்து ஒட்டிவிடுவார்கள். போனது ஒரு பல்தான், ஆனால் மூன்று பல்லுக்குப் பணம் கேட்பார்கள். இரண்டு கேப், ஒரு செயற்கைப் பல் என்று மூன்று செய்வதுதான் காரணம்.

பணத்தைவிடப் பெரிய விலையைக் கொடுப்பவை அந்த இரண்டு பற்கள். கேப் உட்கார இடம் வேண்டுமே! மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றிலும் மேலேயும் சுமார் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவுவார்கள். ராவிய எனாமல் மறுபடி வளராது. சிலருக்குப் பின்னாளில் அந்தப் பல்லின் நரம்பு கெட்டு ரூட் கேனல் தேவைப்படுவதும் உண்டு. அளவெடுத்து, தற்காலிக கேப் போட்டு அனுப்புவார்கள். பிரிட்ஜ் தயாராகி வந்ததும் வண்ணத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை அழுத்தமாக விழும் மேட்டைத் தேய்த்துச் சரிசெய்து ஒட்டுவார்கள்.

அதனால், பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்போடோ கேப்போடோ இருந்தால் பிரிட்ஜ் நல்ல தேர்வு. இரண்டும் ஒரு கீறல்கூட இல்லாத இளவயதுப் பற்களா? அப்படியானால், பக்கத்துப் பற்களைத் தொடாமல் தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட் முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். முன்பல் என்றால், பக்கத்துப் பல்லின் பின்புறம் மெல்லிய சிறகைப் போல ஒட்டும் மேரிலாண்ட் பிரிட்ஜ் இருக்கிறது. அதற்கு ராவுதல் மிகக் குறைவு.

நன்றாகப் பராமரித்தால் பிரிட்ஜ் பத்துப் பதினைந்து ஆண்டுகள், அதற்கு மேலும் உழைக்கும். கேப்புக்குச் சொத்தை வராது. அதன் விளிம்புக்குக் கீழே இருக்கும் சொந்தப் பல்லுக்கு வரும். செயற்கைப் பல்லின் அடியில் பிரஷ் நுழையாது. நுனி விறைப்பாக இருக்கும் சூப்பர் ஃப்ளாஸ் நூலைப் பக்கவாட்டில் நுழைத்து, தினமும் இரவில் ஈறை ஒட்டி முன்னும் பின்னும் இழுத்துச் சுத்தம் செய்யுங்கள்.

ஒரு பக்க கேப்பின் சிமென்ட் விட்டுப்போனாலும், மறுபக்கம் பிடித்திருப்பதால் பிரிட்ஜ் கழன்று விழாது. விட்டுப்போன கேப்புக்குள் எச்சிலோடு கிருமிகளும் புகுந்து உள்ளிருக்கும் பல்லை அரித்துக்கொண்டே இருக்கும். கடிக்கும்போது லேசாக அசைவதுபோல் தோன்றினாலோ, அந்தப் பக்கம் கெட்ட வாடை வந்தாலோ, வலிக்கட்டும் என்று காத்திராமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.